விவசாயக் கூலிகளின் உரிமைக்கு நிதி திரட்டும்போது சறுக்கும் இடங்கள்

நாங்கள் முதன்முதலில் அடித்த நிதி துண்டறிக்கையின் அட்டையில் ஒரு அம்மாவின் படம். கரும்பு வெட்டில் கொத்தடிமையாகக் கிடந்து மீட்கப்பட்டு மூன்று நாள்தான் ஆகியிருந்தது. கலைந்த தலை, இடுப்பில் குழந்தை. பணம் நன்றாகவே வந்தது. இரண்டு மாதம் கழித்து அதே அறிக்கை, நாலாக மடித்து, முன்பணம் கொடுத்த மேஸ்திரியின் சட்டைப்பையில் இருந்தது. அந்த அம்மாவின் அண்ணன் வீட்டு வாசலில் நின்று அதைக் காட்டிச் சத்தம் போட்டுவிட்டுப் போயிருக்கிறான். வழக்கு அப்போது நடந்துகொண்டிருந்தது. நான் மன்னிப்புக் கேட்கப் போனபோது அந்த அம்மா சொன்னது, “முன்னாடியே சொல்லியிருந்தா தலையாவது சீவிட்டு வந்திருப்பேனே சார்.”

இந்த வேலையில் நான் பார்த்த தவறுகளில் மோசமானது இதுதான், செய்தது நானே. வழக்கு முடியும்வரை முகம் வேண்டாம். பெயரையும் ஊரையும் சேர்த்துப் போட வேண்டாம். அச்சுக்குப் போகும் முன் சம்பந்தப்பட்டவருக்கு வாசித்துக் காட்டுங்கள். ‘இந்த வரி வேண்டாம்’ என்றால் எடுத்துவிடுங்கள், எவ்வளவு உருக்கமான வரியாக இருந்தாலும் சரி.

படத்தை மாற்றினால் மட்டும் போதாது, கேட்கிற முறையும் மாற வேண்டும். ‘ஏழைத் தொழிலாளிக்கு உதவுங்கள்’ என்று கேட்டால் அரிசி மூட்டை வரும், தீபாவளிக்குப் புடவை வரும். உரிமை அமைப்புக்கு வேண்டியது அதுவல்ல. கொத்தடிமை முறை 1976-லேயே சட்டப்படி ஒழிக்கப்பட்டுவிட்டது. மீட்கப்பட்ட ஆணுக்கு 1 லட்சம் ரூபாய், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் 2 லட்சம், கடத்தல் போன்ற கொடுமையான வழக்குகளில் 3 லட்சம் என்று மத்திய அரசின் மறுவாழ்வுத் திட்டமே இருக்கிறது. ஆனால் ‘இவர் கொத்தடிமையாக இருந்து மீட்கப்பட்டவர்’ என்று அரசு அதிகாரி தரும் விடுதலைச் சான்றிதழ் கையில் இல்லாமல் எதுவும் நகராது. முழுத் தொகையும் கைக்கு வருவதைக் குற்றம் நிரூபணமாவதோடு முடிச்சுப் போட்டிருக்கிறார்கள். அதனால் நன்கொடையாளரிடம் கேட்க வேண்டியது அந்த 2 லட்சத்தை அல்ல, அது வந்து சேரும்வரை ஆகிற செலவை. ஒரு வாய்தாவுக்கு நாலு பேர் போய்வர பஸ் கட்டணம், மதியச் சாப்பாடு, அன்றைக்குப் போன கூலி, வக்கீல் ஃபீஸ், ஜெராக்ஸ். இப்படிப் பிரித்துச் சொன்னால் தயங்கிக்கொண்டிருப்பவர்கள்கூடக் கொடுக்கிறார்கள் என்பது என் அனுபவம்.

டிசம்பர் வந்தால் கீழ்வெண்மணியை வைத்து நிதி கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 1968-ல் அங்கே விவசாயக் கூலிக் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேரை எரித்ததற்குப் பின்னால் அரைப்படி நெல் கூலி உயர்வுக் கோரிக்கை இருந்தது என்பது நிறையப் பேருக்குத் தெரியும். அடுத்து நன்கொடையாளர்கள் கேட்பார்கள், “இப்போ நடவுக்கு என்ன கூலி? அறுவடை மெஷின் வந்தப்புறம் அந்தப் பெண்கள் எங்கே போனாங்க?” இதற்குப் பதில் இல்லாமல் போய் உட்காராதீர்கள்.

சி.எஸ்.ஆர். பணம், அதாவது கம்பெனிகள் சமூகப் பணிக்கென்று ஒதுக்கும் பணம், தனிக் கதை. கம்பெனிகள் சட்டம் 2013-ன் 135-வது பிரிவின்கீழ் வரும் நிறுவனங்கள் மூன்றாண்டு சராசரி லாபத்தில் 2% செலவழிக்க வேண்டும். அந்தப் பணம் அதே சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் இருக்கிற வேலைகளுக்குத்தான் போகும். கூலிப் பிரச்சினைக்கு வழக்குப் போட யாரும் அதிலிருந்து தரமாட்டார்கள். பள்ளிக் கழிப்பறைக்குத் தருவார்கள், தையல் மெஷினுக்குத் தருவார்கள். பணம் வருகிறதே என்று நாங்களும் ஒரு தடவை தையல் மெஷின் வாங்கினோம். களப்பணியாளர் இருவரும் ஒரு வருஷம் பயிற்சி வருகைப்பதிவேடு எழுதிக்கொண்டிருந்தார்கள், அந்த வருஷம் ஒரு கூலிப் புகார்கூடப் பதிவாகவில்லை. மெஷின்கள் இப்போது சமுதாயக்கூடத்தில் சாக்குப் போர்த்தி நிற்கின்றன.

அப்புறம், யாரிடம் வாங்கக் கூடாது என்ற பட்டியல். இதை முதல் மாதமே எழுதி, கமிட்டியில் கையெழுத்து வாங்கிவிடுங்கள். ரைஸ் மில், செங்கல் சூளை, கரும்பு ஏஜென்ட் என்று நாளைக்கு யார்மீது புகார் கொடுக்க வேண்டி வருமோ அவர்களிடம் ஆண்டு விழா பேனருக்குக்கூடக் காசு வேண்டாம். பெரிய கம்பெனியின் பணமே கூடாது என்று சொல்லவில்லை. அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் இமோக்கலீ என்ற ஊரின் தக்காளி பறிக்கும் தொழிலாளர்கள் 2001-ல் டாக்கோ பெல் என்ற துரித உணவுக் கடைகளைப் புறக்கணிக்கச் சொல்லிப் பிரச்சாரம் தொடங்கினார்கள். 2005-ல் அதன் தாய் நிறுவனம் இறங்கிவந்து, தக்காளி பவுண்டுக்கு ஒரு சென்ட் கூடுதலாகத் தர ஒப்புக்கொண்டது. அது அமைப்புக்கு வந்த நன்கொடை அல்ல, பறித்தவர்களின் சம்பளத்தில் சேர வேண்டிய காசு. நம் ஊரில் இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு, ‘நல்ல முதலாளி’ என்று மேடையில் சால்வை போட்டுவிடுகிறோம்.

வெளிநாட்டுப் பணத்தில் சறுக்கினால் அமைப்பே படுத்துவிடும். சிங்கப்பூரில் இருக்கும் மாமா ஜீபேயில் 5,000 அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவரிடம் இந்திய பாஸ்போர்ட் இருந்து, சொந்தச் சேமிப்பிலிருந்து கொடுத்தால் அது வெளிநாட்டு நிதி ஆகாது. அவர் சிங்கப்பூர்க் குடிமகன் என்றால் ஆகும். வெளிநாட்டு நிதியை முறைப்படுத்தும் எஃப்.சி.ஆர்.ஏ. சட்டத்தின்கீழ் பதிவு இல்லாமல் அதை வாங்கக் கூடாது. பதிவு இருந்தாலும் டெல்லி எஸ்.பி.ஐ. முதன்மைக் கிளையில் உள்ள கணக்குக்குத்தான் முதலில் வர வேண்டும். அந்தச் சட்டத்தின் 2020 திருத்தத்துக்குப் பிறகு அதை இன்னொரு அமைப்புக்குப் பிரித்துக் கொடுக்கவும் முடியாது, நிர்வாகச் செலவும் 20%-க்குள் நிற்க வேண்டும். ஆடிட்டரைக் கேட்காமல் க்யூ.ஆர். கோடை வாட்ஸ்அப் குரூப்பில் போடாதீர்கள், அது எந்த நாட்டுக்கெல்லாம் போகும் என்று உங்களுக்கே தெரியாது.

உள்ளூரில் சின்னச் சின்ன விஷயங்கள்தான். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால், 80ஜி என்று எல்லோரும் சொல்லிப் பழகிய நன்கொடைக்கான வருமான வரி விலக்கு இல்லை. புதிய வரிமுறைக்குப் போய்விட்டவர்களுக்கு எப்படிக் கொடுத்தாலும் இல்லை. வரிச்சலுகை என்று பேச்சை ஆரம்பித்து அசடு வழிய வேண்டாம்.

கடைசியாக ஒன்று. ஆடிட் செய்த கணக்கு இங்கிலீஷில் நன்கொடையாளருக்குப் போகிறது, சந்தா கட்டுகிற கூலிப் பெண்களுக்கு ஒரு தாள்கூடப் போவதில்லை. நாங்களும் வெகுநாள் அப்படித்தான் இருந்தோம். முதல்முறை கோயில் திடலில் உட்கார்ந்து தமிழில் வாசித்தபோது, வக்கீல் ஃபீஸைப் பற்றி யாரும் கேட்கவில்லை. பின்வரிசையிலிருந்து ஒரு பாட்டி எழுந்து, “அது என்ன ‘இதர செலவு’? அதுல இவ்வளவு போயிருக்கே?” என்றார். என்னிடம் பதில் இல்லை. அடுத்த வருஷக் கணக்கில் அந்தத் தலைப்பே இல்லாமல் பார்த்துக்கொண்டோம்.