போர்ட்டெய்னர்ல எடிட் ஆகாத ஸ்டாக்க டாக்ஜ்க்கு மாத்துனது – என் அனுபவம்

திருப்பூர்ல எங்க பனியன் கம்பெனி ஆபீஸ்ல ஒரு மினி பிசில பில்லு ஸ்கேன் பண்ணி வைக்க பேப்பர்லெஸ்ங்கற சாஃப்ட்வேர் டாக்கர்ல (சாஃப்ட்வேர தனித்தனி கன்டெய்னர்ல ஓட்டுற கருவி) ஓடுதுங்க. கமாண்ட் லைன்ல கம்போஸ் (ஒரு ஃபைல்ல எழுதி வெச்சு கன்டெய்னர்கள ஒண்ணா ஏத்துறது) வெச்சு ஏத்துனதால, டாக்கர ப்ரௌசர்ல பாத்துக்கற போர்ட்டெய்னர்ல பாத்தா வெளிய உருவான ஸ்டாக் (ஒண்ணா ஏத்துன கன்டெய்னர் கூட்டம்), கண்ட்ரோல் லிமிடெட்னு காட்டும், எடிட் பண்ண விடாது. மச்சானுக்கு டெர்மினல்னா ஆகாது, நான் ஊர்ல இல்லீன்னா அப்டேட் பண்ண ஆளில்ல.

அதான் கம்போஸ் ஸ்டாக்க ப்ரௌசர்லயே பாத்துக்கற டாக்ஜ் போட்டேன், சர்வர் ஓடுதான்னு பாக்கற அப்டைம் கூமாவ எழுதுனவரே செஞ்சது, போர்ட் 5001. கம்போஸ் ஃபைல் டிஸ்க்குல சாதா ஃபைலாவே கெடக்கும், ப்ரௌசர்லயும் திருத்தலாம் டெர்மினல்லயும் திருத்தலாம், எனக்கு ரொம்ப புடிச்சதே அதுதானுங்க. பழைய ஸ்டாக்க டவுன் பண்ணிப்போட்டு, கம்போஸ் ஃபைல் இருக்கற ஃபோல்டர அப்படியே டாக்ஜோட ஸ்டாக்ஸ் ஃபோல்டருக்குள்ள நகத்தி, மெனுல ஸ்கேன் அமுக்குனா வந்துரும்.

ஃபோல்டர் பேரு மட்டும் பழையதேதான் இருக்கோணும். கம்போஸ் அந்த பேர முன்னாடி சேத்துத்தான் வால்யூமுக்கு (டேட்டா இருக்கற எடம்) பேரு வெக்குது, அது மாறுனா புதுசா காலி வால்யூம் உண்டாகி பேப்பர்லெஸ் ஒண்ணுமே இல்லாம தொறக்கும், பில்லெல்லாம் போச்சுன்னு பதறாதீங்க, டாக்கர் வால்யூம் எல்எஸ் அடிச்சா பழசு அப்படியே இருக்கும், பேர பழையபடி வெச்சா வந்துரும். டவுன் பண்றப்ப மைனஸ் வி சேத்து அடிச்சுராதீங்க, அப்பறம் நெசமாலுமே அழிஞ்சுரும்.