திருடனை விரட்டினால் நம்ம நாய், பிள்ளையைக் கடித்தால் தெரு நாயா?

விடியற்காலையில் ராமேஸ்வரம் தீவில் இருக்கும் தங்கச்சிமடம் கரைப் பக்கம் போனால், படகுக்கு ஒரு நாய் என்ற கணக்கில் சுருண்டு கிடக்கும். இது யார் நாய் என்று கேட்டுப் பாருங்கள். முந்தின ராத்திரி வலை திருட வந்தவனை அது விரட்டியிருந்தால், "நம்ம நாய்தான்" என்பார்கள். கருவாடு காயப்போட வந்த பிள்ளையின் காலைக் கவ்வியிருந்தால், "அது தெரு நாய்ங்க, நாங்க சோறு மட்டுந்தான் போடுறோம்" என்பார்கள். நம் கரையில் நாய்க்கடிக்காக நடக்கும் சண்டைகளில் நான் அதிகம் பார்த்த தவறு இதுதான்.

சட்டம் இப்படி ஆளுக்கு ஆள் மாறுவதில்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் சட்டத்தின் 291ஆம் பிரிவைப் பாருங்கள். தன் வசம் இருக்கும் விலங்கால் ஒருவர் உயிருக்கு ஆபத்தோ கொடுங்காயமோ வரக்கூடும் என்றால், அதைத் தடுக்கப் போதுமான ஏற்பாட்டைச் செய்திருக்க வேண்டும். தெரிந்தே விட்டாலும் அலட்சியத்தால் விட்டாலும் 6 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் இது 289ஆம் பிரிவு; அபராதம் 1,000 ரூபாய்தான். கடித்ததில் முகம் நிரந்தரமாகச் சிதைந்தாலோ எலும்பு முறிந்தாலோ அது கொடுங்காயம். அப்போது 125ஆம் பிரிவும் சேரலாம். அதில் 3 வருடம் வரை சிறை உண்டு. சிகிச்சைச் செலவுக்கும் இழந்த கூலிக்கும் சிவில் நீதிமன்றத்தில் நஷ்டஈடு கேட்பது தனி.

இதில் 'வசம்' என்ற சொல்லைக் கவனியுங்கள். காசு கொடுத்து வாங்கினீர்களா, குட்டியாகத் தானே வந்து சேர்ந்ததா என்பது பெரிய கேள்வி இல்லை. அது யார் வாசலில் படுக்கிறது, ராத்திரி யார் கட்டுகிறார்கள், ஊசி போட யார் தூக்கிக்கொண்டு போனார்கள் என்றுதான் கேட்பார்கள். தெருவில் போகிற நாய்க்கு நாலு மீன் தலை போட்டதாலேயே ஒருவர் உரிமையாளர் ஆகிவிட மாட்டார். ஆனால் பெயர் வைத்து, பெல்ட் மாட்டி, தோப்புக் காவலுக்கு விட்டுவிட்டு, கடித்த அன்று மட்டும் கையை விரித்தால் அந்தப் பேச்சு நிற்காது.

கீழக்கரை, தொண்டிப் பக்கம் இன்னொரு சிக்கல். வீட்டுக்காரர் வளைகுடாவில் இருப்பார், பெரிய வீட்டில் வயதான அம்மாவும் ஒரு நாயும் இருப்பார்கள். "நாய் மகனோடது, அவன் ஊர்லயே இல்லையே" என்று அம்மா சொல்லலாம். நாய் இப்போது யார் கையில் இருக்கிறதோ அவர்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும். வெளிநாடு போகிறவர்கள் பணம் அனுப்புவதோடு விட்டுவிடாமல், அந்த நாயை இழுத்துப் பிடிக்கிற உடல்வலு உள்ள ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போங்கள். மண்டை நாய் இனம் மாதிரி பெரிய நாயை எழுபது வயது அம்மாவிடம் விட்டுப்போவது அந்த அம்மாவுக்கும் ஆபத்து.

அடுத்தது 'நாய்கள் ஜாக்கிரதை' பலகை. அதை மாட்டினால் பொறுப்பு முடிந்தது என்று பலரும் நம்புகிறார்கள். பலகை வைப்பது நல்லதுதான். ஆனால் உங்கள் நாய் கடிக்கும் என்று உங்களுக்கே தெரியும் என்பதற்கும் அதே பலகைதான் சாட்சி. சுவரேறிக் குதித்தவன் கதை வேறு. கரண்ட் ரீடிங் எடுக்க வருபவரும், சிலிண்டர் போட வருபவரும், தபால்காரரும் வேலையாக வருகிறவர்கள். அவர்களுக்காக நாயைக் கட்டி வைப்பது உங்கள் வேலை.

கயிறு விஷயத்துக்கு வருகிறேன். அரியமான் கடற்கரையிலோ தனுஷ்கோடி மணலிலோ "காலியாத்தானே கிடக்கு" என்று பெல்ட்டைக் கழற்றி விடுகிறார்கள். நம் கரை காலியாக இருப்பதே இல்லை. வலையைச் சரிசெய்கிறவர்கள் மணலில் சம்மணம் போட்டு, தலையைக் குனிந்து, வலை நரம்பைப் பல்லில் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஓடி வருகிற நாயின் வாய் நேராக அவர்கள் முகத்தின் உயரத்துக்குத்தான் வரும். கட்டி வைக்காத நாய் கால்களுக்கு நடுவே ஓடும்போது, மீன் கூடையைத் தலையில் வைத்திருக்கும் அக்காவால் குனியவும் முடியாது, விலகவும் முடியாது. அக்னி தீர்த்தத்தில் குளித்துவிட்டு ஈரத்துணியோடு வருகிற வெளியூர்க்காரர்களுக்கு உங்கள் நாய் சாது என்பது எப்படித் தெரியும்? கயிறு குட்டையாக இருக்கட்டும். ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில் இன்னும் சுருக்கிப் பிடியுங்கள். எட்டு வயதுப் பையன் கையில் கொடுத்தனுப்பாதீர்கள். கூட்டத்தில் மிரளுகிற நாய் என்றால் வாய்மூடி போடுங்கள். உரிமம் எடுக்க வேண்டுமா, உள்ளூர் விதி என்ன என்று நகராட்சியிலோ ஊராட்சியிலோ ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள்.

அதற்காக நாள் முழுக்க ரெண்டடிச் சங்கிலியில் கட்டிப் போடுவதும் தவறு. 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி அதுவும் குற்றம். அப்படிக் கிடக்கிற நாய்தான் அவிழ்த்துவிட்ட நிமிடம் வெறி பிடித்த மாதிரி பாயும்.

கடித்த பிறகு நடக்கும் தவறுகள்தான் எனக்கு அதிகம் வலிக்கிறது. எங்கள் பெரியம்மா வீட்டுப் பக்கத்தில் ஒரு பெண் பிள்ளையை நாய் கடித்தது. நான் போகும்போது கெண்டைக்காலில் சுண்ணாம்பும் மிளகாய்ப்பொடியும் சேர்த்து அப்பியிருந்தார்கள், பிள்ளை கத்திக்கொண்டிருந்தது. வாசலில் பெரியவர்கள் யார் நாய் என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். குழாய் பத்தடி தூரத்தில் இருந்தது. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுவதுதான் முதல் வேலை. அப்புறம் நேராக ஆரம்ப சுகாதார நிலையமோ அரசு மருத்துவமனையோ போங்கள். தடுப்பூசி அங்கே இலவசம். ரத்தம் வருகிற அளவுக்குக் கடித்திருந்தால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தும் போட வேண்டும். அதைக் கேட்டுப் பெறுங்கள். ரேபிஸ் என்ற வெறிநோயின் அறிகுறி தெரிந்தபின் பிழைப்பது ஏறக்குறைய நடக்காத காரியம்.

தோலில் போடும் முறையில் ஊசி முதல் நாள் (அதை 0 என்று எண்ண வேண்டும்), பிறகு 3, 7, 28ஆம் நாள். தசையில் போட்டால் 14ஆம் நாளும் சேரும். விசைப்படகில் போகிற ஆட்கள் இரண்டு ஊசி போட்டதும் "கடலுக்குப் போகணும்" என்று விட்டுவிடுகிறார்கள். ஒரு பாடு போனால் போகட்டும், தேதியைத் தவறவிடாதீர்கள். நாய்க்காரர் ஊர்ப் பெரியவர்கள் முன்னால் 2,000 ரூபாய் கொடுத்து முடித்துக்கொள்கிற வழக்கமும் உண்டு. அந்தப் பணத்தால் போலீஸ் புகார் தானாக ரத்தாகாது, ஊசியும் போட்டதாகிவிடாது. கொடுக்கிறவர் கூடவே ஆஸ்பத்திரிக்குப் போய், கடைசி ஊசி வரை ஆட்டோவுக்கும் கூலிக்கும் பொறுப்பேற்பதுதான் முறை.

நாய்க்கு ஊசி போட்ட அட்டை இருந்தாலும் கடிபட்டவர் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். குட்டிக்கு மூன்று மாதத்தில் முதல் ஊசி, பிறகு மருத்துவர் சொல்கிறபடி வருடாவருடம். அட்டையைக் கால்நடை மருந்தகத்தில் எழுதி வாங்கி பத்திரமாக வையுங்கள், முதலில் கேட்பது அதைத்தான்.

கடித்த நாயை ஆத்திரத்தில் அடித்துக் கொல்வதும், பயந்து வேறு ஊரில் கொண்டுபோய் விடுவதும் கூடாது. கொல்வது நியாய சன்ஹிதாவின் 325ஆம் பிரிவின்படி குற்றம். அதைவிட, அந்த நாய் 10 நாள் கண்முன்னால் இருந்தால்தான் அதற்கு ரேபிஸ் இருக்கிறதா என்று தெரியும். மற்ற நாய்களும் பிள்ளைகளும் நெருங்காத இடத்தில் கட்டி, தண்ணீரும் சோறும் தள்ளி வைத்து, தினமும் பாருங்கள். சாப்பிடாமல் இருந்தாலோ, எச்சில் ஒழுகினாலோ, குரல் மாறினாலோ, கால் இழுத்தாலோ உடனே கால்நடை மருத்துவருக்கும் கடிபட்டவர் வீட்டுக்கும் சொல்லுங்கள், ராத்திரி எத்தனை மணியானாலும்.