உங்கள் நாயை ரத்ததானத்துக்குக் கூட்டிப்போவது எப்படி?

உண்ணிக் காய்ச்சல் முற்றிய நாயின் உதட்டைத் தூக்கிப் பாருங்கள். ஈறு சுண்ணாம்பு அடித்ததுபோல வெளுத்திருக்கும். மருந்து வேலை செய்யும்வரை உயிர் தாங்க வேண்டுமே, அதற்குத்தான் இன்னொரு நாயின் ரத்தம். சென்னையில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் விலங்குகளுக்கான ரத்த வங்கி இருக்கிறது. வேறு ஊர் என்றால் முதலில் உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்.

1. தகுதி பாருங்கள். எடை 25 கிலோவாவது வேண்டும், வயது 1 முதல் 8 வரை. தடுப்பூசிகள் பாக்கி இருக்கக் கூடாது. சினையாக இருக்கும் நாய், குட்டிக்குப் பால் கொடுக்கும் நாய், முன்பு ரத்தம் ஏற்றிக்கொண்ட நாய் எல்லாம் வேண்டாம். லாப்ரடார் தேறிவிடும், பொமரேனியன் தேறாது. நாட்டு நாயும் தரலாம், எடை இருந்தால் போதும்.

2. உண்ணியை ஒழியுங்கள். உண்ணி கடித்துப் பரப்பும் எர்லிக்கியா, பேபீசியா கிருமிகள் ரத்தத்தோடு சேர்ந்தே அடுத்த நாய்க்குப் போகும். அதனால் சோதனையில் சிக்கினால் தானம் கிடையாது. காதுமடலின் உள்பக்கம், விரலிடுக்கு, வாலடி மூன்றையும் விரலால் தடவிப் பாருங்கள். நம் ஊரில் இந்தப் படியில்தான் பாதி பேர் திரும்பி வருகிறோம். எங்கள் வீட்டுத் தடியனும் முதல் தடவை அப்படித்தான் திரும்பினான்.

ரத்த வகையும் பார்ப்பார்கள். நாய்களில் முக்கியமானது டிஇஏ 1, சிவப்பணுவின் மேல் இருக்கும் ஓர் அடையாளப் பொருள். அது இல்லாத நாயின் ரத்தத்தை, அது உள்ள நாய்க்கும் இல்லாத நாய்க்கும் ஏற்றலாம்.

3. முந்தின ராத்திரி நெய்ச்சோறு, ஆட்டுக்கொழுப்பு வேண்டாம். கொழுப்பு ஏறினால் ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா பால்போலக் கலங்கிவிடும். தண்ணீர் தாராளமாகக் கொடுங்கள்.

4. எடுக்கும் நேரம். கழுத்தில் ஒரு பட்டை மயிரை மழித்துவிட்டு, பெரிய சிரையில் ஊசி போடுவார்கள். நாய் ஒருக்களித்துப் படுத்திருக்கும். மேசைக்குக் கீழே பை நிரம்பும். சுமார் 450 மில்லி, ஐந்து பத்து நிமிடம். உங்கள் வேலை தலைமாட்டில் நின்று பேச்சுக் கொடுப்பது, அவ்வளவுதான். நீங்கள் பதறினால் அவனும் பதறுவான்.

5. அப்புறம் ஊசி போட்ட இடத்தைச் சில நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். இரண்டு நாள் கழுத்துப்பட்டைக்குப் பதில் மார்புப்பட்டை போடுங்கள். அன்று ஓட்டம், பந்து விளையாட்டு எதுவும் வேண்டாம். அடுத்த தானத்துக்குக் குறைந்தது 2 மாதம், முடிந்தால் 3 மாதம் போகட்டும்.

அந்தப் பை என்ன ஆகும்? வசதியுள்ள இடத்தில் அதைச் சுழற்றிப் பிரிப்பார்கள். அடியில் சிவப்பணு, மேலே வைக்கோல் நிறத்தில் பிளாஸ்மா. சிவப்பணு குளிர்பெட்டியில் சில வாரம்தான் தாங்கும். பிளாஸ்மாவைச் சில மணி நேரத்துக்குள் உறையவைத்து, மைனஸ் 18 டிகிரிக்குக் கீழே வைத்தால் ஒரு வருடம் இருக்கும். உறைந்த பை பீங்கான் மாதிரி, கைதவறி விழுந்தால் விரிசல் விட்டுவிடும். 37 டிகிரி வெதுவெதுப்பான நீரில்தான் இளக்க வேண்டும். கொதிநீரில் போட்டால் உள்ளே இருக்கும் புரதம் வெந்துவிடும்.

“தட்டணு குறைஞ்சிருக்கு, பிளாஸ்மா போடலாமா?” என்று பலரும் கேட்கிறார்கள். உறைந்த பிளாஸ்மாவில் வேலைக்கு ஆகும் தட்டணு (பிளேட்லெட்) இல்லை. அதில் இருப்பவை ரத்தத்தை உறையவைக்கும் புரதங்கள். எலி விஷம் தின்று மூக்கிலும் மலத்திலும் ரத்தம் போகும் நாய்க்கு அதுதான் தேவை. ஆனால் ஏற்றிய புரதம் ஓரிரு நாளில் தீர்ந்துவிடும், விஷமோ வாரக்கணக்கில் உடம்பில் தங்கும். எனவே கசிவு நின்றுவிட்டது என்று, இந்த விஷத்துக்கு மாற்று மருந்தாக டாக்டர் கொடுத்த வைட்டமின் கே1 மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். மாத்திரை முடிந்து 2, 3 நாளில் ரத்தம் உறையும் நேரத்தைச் சோதித்துப் பார்த்த பிறகுதான் டாக்டர் போதும் என்பார்.