கொலைகாரர் யாரென்று தெரிந்த பிறகு மர்ம நாவலைப் படிப்பது எப்படி

முடிவு தெரிந்துவிட்டால் மர்ம நாவலில் என்ன மிச்சம் என்று கேட்பவர்கள், அநேகமாக அதை ஒரே மூச்சில் ஒரே தடவை படித்தவர்கள். 'கோஸி' வகை மர்ம நாவலில் பாதிச் சரக்கு இரண்டாம் வாசிப்பில்தான் கைக்கு வரும். இந்த வகையில் ரத்தம் கண்முன் சிந்தாது. கொலை நமக்குத் தெரியாத இடத்தில் நடந்து முடிந்திருக்கும். துப்பறிபவரும் போலீஸ் இல்லை. ஓய்வுபெற்ற ஆசிரியை, தையல்காரர், பலகாரக் கடைக்காரர் என்று ஊரில் எல்லார் வீட்டுக்குள்ளும் போய்வரக்கூடிய ஒருவர். ஊர் சின்னது, சந்தேகப்பட ஆறேழு பேர், கடைசியில் ஆள் பிடிபடுவார்.

மலேசியாவில் பீடோர், சுங்கை சிப்புட், கோல சிலாங்கூர் பக்கத்து ரப்பர்த் தோட்டப்புறங்களில் வளர்ந்தவர்களுக்கு இது அந்நியச் சரக்கே இல்லை. எவர் வீட்டு வாசலில் எவருடைய மோட்டார் நின்றது என்பது காலைப் பசியாறுவதற்குள் லயம் (தொழிலாளர் வரிசை வீடுகள்) முழுக்கப் பரவிவிடும் இடம் அது. பெரட்டு (காலையில் ஆள் கணக்கெடுப்பது) எப்போது, ரப்பர்ப் பால் நிறுப்பது எப்போது, லாரி எத்தனை மணிக்குத் திரும்பும் என்று மனக்கணக்கு வைத்திருப்பவருக்கு, 'அந்த நேரத்தில் நான் அங்கே இல்லை' என்ற சாட்சியத்தை எப்படிச் சோதிப்பது என்று யாரும் பாடம் எடுக்க வேண்டாம். ஆங்கிலக் கிராமத்துக் கதையில் நாலு மணித் தேநீரும் தேவாலய மணியும் செய்கிற வேலை அதுதான். அந்தக் கண்ணோடு படித்தால் கதை பாதி திறந்துவிடும்.

எந்தப் புத்தகம் தாங்கும்

எல்லா மர்ம நாவலும் மறுவாசிப்புக்குத் தாங்காது. சோதனை சுலபம். கடைசி அத்தியாயத்தில் துப்பறிபவர் விளக்கம் சொல்லும்போது, வாசகர் முன்பே கண்ணால் பார்த்த விஷயங்களில் குறைந்தது மூன்றையாவது சுட்டிக்காட்ட வேண்டும். அதற்குப் பதிலாகப் புதுச் சாட்சி, புதுக் கடிதம், இத்தனை நாள் காணாமல்போன இரட்டைச் சகோதரர் என்று இறக்கினால், அந்தப் புத்தகத்தை ஒரு தடவையோடு அடுத்தவருக்குக் கொடுத்துவிடலாம்.

இந்த நேர்மையை விதியாகவே எழுதி வைத்தவர் ரோனால்ட் நாக்ஸ். இவர் பாதிரியார், துப்பறியும் நாவலும் எழுதியவர். 1929-இல் வந்த அவருடைய பத்து விதிகளில் முதலாவது, குற்றவாளி கதையின் ஆரம்பத்திலேயே தலைகாட்டியிருக்க வேண்டும் என்பது. துப்பறிபவரே குற்றம் செய்யக்கூடாது, கண்டெடுத்த துப்பை வாசகரிடம் மறைக்கக்கூடாது, தயார்ப்படுத்தாமல் இரட்டையரை நுழைக்கக்கூடாது என்பவையும் அதில் உண்டு. ஐந்தாம் விதி 'கதையில் சீனர் வரக்கூடாது' என்கிறது. மலேசியாவில் உட்கார்ந்து படித்தால் புருவம் உயரத்தான் செய்யும். அந்தக் காலத்து மலிவுக் கதைகள் வில்லன் வேண்டுமென்றால் உடனே ஒரு சீனரைக் கொண்டுவந்து நிறுத்தின. அந்தச் சோம்பேறித்தனத்தைக் கிண்டல் செய்யத்தான் அந்த விதி. பழைய ஆங்கில நாவல்களில் 'கிழக்கத்தியர்' பற்றிய எரிச்சலூட்டும் வரிகள் இன்னும் கிடக்கின்றன. அவை கண்ணில் படும் என்று தெரிந்துகொண்டே எடுங்கள்.

தொடங்குவதற்கு, கிராமத்து மூதாட்டி ஒருவர் துப்பறியும் அகதா கிறிஸ்டியின் மிஸ் மார்ப்பிள் வரிசை நல்லது. மொத்தம் 12 நாவல்கள்; முதலாவதான 'தி மர்டர் அட் தி விகாரேஜ்' 1930-இல் வந்தது. தமிழில் இந்த மிதமான சுவைக்குப் பக்கத்தில் நிற்பது தேவனின் 'துப்பறியும் சாம்பு'. ஆனால் சாம்புவை வேறு விதமாகப் படிக்க வேண்டும். அந்த வங்கி குமாஸ்தா அதிர்ஷ்டத்தால்தான் ஜெயிக்கிறார், துப்பைக் கோத்து அல்ல. துப்பு தேடினால் ஏமாற்றம். தப்பான யூகம் எப்படிச் சரியான ஆளிடம் போய் முட்டுகிறது என்று பார்த்தால் எத்தனை தடவையும் சிரிக்கலாம்.

பழைய புத்தகம் வாங்கும்போது ஒரு பொறி உண்டு. ஒரே நாவல் பிரிட்டனில் ஒரு தலைப்பிலும் அமெரிக்காவில் வேறு தலைப்பிலும் வந்திருக்கும். 1957-இல் வந்த '4.50 ஃப்ரம் பேடிங்டன்' அமெரிக்காவில் 'வாட் மிஸஸ் மெக்கில்லிகடி சா!' ஆனது. காசு கொடுப்பதற்கு முன் தலைப்புப் பக்கத்தின் பின்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். முதல் பதிப்பு ஆண்டும் பழைய தலைப்பும் அங்கேதான் இருக்கும். ஒரே துப்பறிபவர் வரும் வரிசையை அந்த முதல் பதிப்பு ஆண்டு வரிசையிலேயே படியுங்கள். மறுபதிப்பு ஆண்டைப் பார்த்து அடுக்கினால், பின்னால் வரும் நாவலில் யாரோ பேச்சுவாக்கில் முந்தைய கதையின் கொலைகாரர் பெயரைப் போட்டு உடைத்துவிடுவார்.

முதல் வாசிப்பு

ஏ4 தாள் ஒன்றைப் பாதியாக மடித்துப் புத்தகக்குறியாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கத்தில் பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரே ஒரு குறிப்பு: 'வக்கீல், இடதுகைக்காரர்', 'மருமகள், கடன் உண்டு'. மறுபக்கத்தில் கொலை நடந்த நாளின் மணிக்கணக்கு. இதற்கு மேல் எழுதினால் படிப்பு நின்று கணக்கெழுத்து தொடங்கிவிடும்.

எல்லாரையும் ஒரு கூடத்தில் உட்காரவைக்கும் அத்தியாயம் வருவதற்கு முன் நிறுத்துங்கள். 1929-இல் தொடங்கி எல்லரி குவீன் என்ற புனைபெயரில் வந்த ஆரம்ப நாவல்களில், 'துப்பு எல்லாம் உங்கள் கையில் இருக்கிறது, இப்போது நீங்களே சொல்லுங்கள்' என்று வாசகருக்கு வெளிப்படையாகச் சவால் விடும் பக்கமே இருந்தது. மற்ற நாவல்களில் அந்த இடத்தை நாமே கண்டுபிடிக்க வேண்டும். துப்பறிபவர் 'நான் எவ்வளவு முட்டாளாக இருந்திருக்கிறேன்!' என்ற மாதிரி ஒரு வரி சொன்னால் அதுதான் இடம். தாளில் மூன்று வரி எழுதுங்கள்: யார், எப்படி, எந்தத் துப்பை வைத்து. மனசுக்குள் வைத்துக்கொண்டால் போதாது. முடிவைப் படித்த மறு நிமிடமே 'எனக்கு அப்பவே தெரியும்' என்று தோன்றிவிடும். எழுதிய தாளிடம் அந்தப் பேச்சு செல்லாது.

மறுவாசிப்பு

இது இரண்டு விதம். துப்பு தேடிப் படிப்பதென்றால் இரண்டு வாரத்துக்குள் தொடங்குங்கள். பெயர்களும் இடங்களும் அப்போது ஞாபகத்தில் இருக்கும். சுகத்துக்குப் படிப்பதென்றால் வருடக்கணக்கில் கிடக்க விடுங்கள். அக்டோபர், நவம்பர் மழையில் பால்வெட்டு இல்லாத நாள் அதற்கென்றே அமைந்தது.

துப்பு எப்படி ஒளிக்கப்படுகிறது என்று கிட்டத்தில் பார்க்க, இந்தக் குறிப்புக்காகக் கட்டிய ஒரு பத்தி (கிராணியார் தோட்டத்துக் கணக்கர், செக்ரோல் ஆள் வருகைப் பதிவேடு, ஆயக்கொட்டகை பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம்):

"காலை ஆறு மணிக்குக் கதவைத் தட்டித் திறந்தபோது கிராணியார் அறையில் பெரிதாக ஒன்றுமில்லை. செக்ரோல் புத்தகம் மூன்று, மூக்குக்கண்ணாடிக் கூடு, பாதி எரிந்து புகைந்துகொண்டிருந்த கொசுவர்த்தி, மூடி தொலைந்த பிஸ்கட் டின். 'ராத்திரி பத்து மணிக்குப் படுத்தவன், நீங்க தட்டித்தான் முழிச்சேன்' என்றார் அவர். அதற்குள் ஆயக்கொட்டகைப் பக்கம் யாரோ அலறும் சத்தம்."

முதல் வாசிப்பில் நாம் அலறலின் பின்னால் ஓடிவிடுவோம். இரண்டாம் வாசிப்பில் கண் கொசுவர்த்தியில் நிற்கும். ஒரு முழுச் சுருள் எரிய ஏழெட்டு மணி நேரம் பிடிக்கும். பத்து மணிக்கு ஏற்றியது காலை ஆறுக்குச் சாம்பலாகியிருக்கும். பாதி மிச்சம் இருந்து இன்னும் புகைகிறதென்றால், ஏற்றியது இரண்டு மணிக்கு முன்னால் இல்லை. எழுந்து கொசுவர்த்தி ஏற்றுவது குற்றமல்ல. முழிக்கவே இல்லை என்று சொன்னதுதான் பொய்.

ஆசிரியர் செய்திருக்கும் வேலையைக் கவனியுங்கள். துப்பைப் பட்டியலின் நடுவில் வைத்தார். முதலாவதும் கடைசியும் மனசில் நிற்கும், நடுவில் இருப்பது நழுவும். அதைப் பற்றி யாரையும் ஒரு வார்த்தை பேச விடவில்லை. துப்பையும் அதை மோதவைக்க வேண்டிய வாக்குமூலத்தையும் அருகருகே வைத்துவிட்டு, நாம் இரண்டையும் சேர்ப்பதற்குள் சத்தம் எழுப்பிவிட்டார். அலறல், தந்தி, தட்டு உடைவது, திடீரென்று ஒரு கல்யாண அறிவிப்பு, இப்படி எது வந்தாலும் அதற்கு முந்தின ஐந்தாறு வரியைத் திரும்பப் படியுங்கள்.

கொசுவர்த்திக் கணக்கு நமக்குச் சொல்லாமலே தெரியும். ஆங்கிலக் கிராமத்து வீட்டுக் கணக்கு அப்படித் தெரியாது. விடியற்காலை வாசலில் வைக்கப்படும் பால் புட்டி, காசு போட்டால்தான் எரிவாயு வரும் மீட்டர் போன்றவற்றில் துப்பு ஒளிந்திருந்தால் நாம் தாண்டிப் போய்விடுவோம். ஆகவே புரியாத வீட்டுப் பொருளோ பழக்கமோ வந்தால் தாளில் எழுதி, அத்தியாயம் முடிந்ததும் தேடிப் பாருங்கள். படிக்கும்போதே தேடப் போனால் கைப்பேசி அரைமணி நேரத்தை விழுங்கிவிடும்.

அடுத்து பேச்சு. கொலைகாரர் வாய் திறக்கும் ஒவ்வொரு இடத்தையும் இரண்டு அர்த்தத்தில் படிக்க வேண்டும். தேர்ந்த ஆசிரியர் கொலைகாரரை அடிக்கடி பொய் சொல்ல விடமாட்டார். உண்மையைத்தான் சொல்லவைப்பார், நாம் தப்பாகக் கேட்கும் விதத்தில். 'அவரை உயிரோடு கடைசியாகப் பார்த்தது நான்தான்' என்பது துக்கமாகவும் இருக்கலாம், நேரான வாக்குமூலமாகவும் இருக்கலாம். இந்த மாதிரி ஒரு வரி அகப்படுவதுதான் மறுவாசிப்பின் உச்ச சுகம் என்பது எங்கள் தீர்ப்பு. துப்பைக் கண்டுபிடிப்பதுகூட அதற்குப் பிறகுதான்.

குறியிட 2பி பென்சில், மெல்லிய கோடு, ஓரத்தில் மட்டும். உண்மையான துப்புக்கு ஒரு புள்ளி, திசைதிருப்பலுக்குக் குறுக்குக்கோடு, இரட்டை அர்த்தப் பேச்சுக்கு வட்டம். 250 பக்க நாவலில் பத்துப் பன்னிரண்டு குறிக்கு மேல் போனால் எல்லாமே துப்பாகத் தெரிய ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். அழித்துவிட்டு மறுபடி தொடங்குங்கள். ஒட்டுத்தாள் வேண்டாம். நம் ஊர் வெக்கையில் பசை பக்கத்திலேயே தங்கித் தூசியைப் பிடிக்கும். நூலகப் புத்தகம் என்றால் பென்சிலும் வேண்டாம், பக்க எண்ணைத் தாளில் எழுதினால் போதும்.

நாலு பேர் சேர்ந்து

ஐந்தாறு பேர் போதும். எட்டைத் தாண்டினால் பேச்சு அரசியலுக்குப் போய்விடும். வாரம் 50 பக்கம் என்று வைத்தால் 250 பக்க நாவல் ஐந்து வாரம் வரும். நான்காவது வாரம் ஒவ்வொருவரும் யூகத்தை எழுதி உறையில் போட்டு ஒட்டி ஒருவரிடம் கொடுக்க வேண்டும். ஐந்தாவது வாரம் முதலில் உறை பிரிப்பது, பிறகுதான் விவாதம்.

பெரும்பாலும் கெடுப்பவர் தொலைக்காட்சித் தொடரைப் பார்த்துவிட்டு வருபவர். அவரை ஒதுக்க வேண்டாம். குற்றவாளிக்காக வாதாடும் வக்கீல் வேலையைக் கொடுங்கள். தெரிந்ததை மறைப்பதே அவருக்கு விளையாட்டாகிவிடும். புலன (வாட்ஸ்அப்) குழுவில் கதையைப் பற்றிப் பேசவே கூடாது, நேரமும் இடமும் மட்டும்தான். பூட்டிய திரையிலேயே முதல் வரி தெரியும், அந்த ஒரு வரி போதும் ஐந்து வாரத்தைப் பாழாக்க. வெற்றிலைக்கொடி மாதிரி கடைசிப் பக்க ஓரத்தில் பேனாவால் 'இவன்தான்' என்று சுற்றி எழுதிவைக்கும் புண்ணியவான்களும் உண்டு. வாங்கியவுடன் ஓரங்களைப் பார்வையிட ஒருவரை நியமித்து, அகப்பட்டால் அதன்மேல் காகிதத்தைக் கிளிப்பில் மாட்டச் சொல்லுங்கள்.

புத்தகம் கெடாமல்

மறுபடி படிக்கப் புத்தகம் உயிரோடு இருக்க வேண்டுமே. காற்றில் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். நம் நாட்டில் அது அன்றாட நிலை. அலமாரியைச் சிமெண்டுச் சுவரிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி வையுங்கள், புத்தகங்களை இறுக்கி அடுக்காதீர்கள். நனைந்த புத்தகத்தை வெயிலில் போட்டால் பக்கம் வளையும், முதுகுப் பசை வெடிக்கும். பத்துப் பதினைந்து பக்கத்துக்கு ஒரு உறிஞ்சுதாள் செருகி மின்விசிறிக் காற்றில் நிறுத்துங்கள். தாள் ஈரமானால் மாற்றுங்கள்.

பூச்சி அரித்திருந்தால், காற்றுப்புகாத பையில் போட்டு உறைபெட்டியில் இரண்டு வாரம். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்காதீர்கள். ஒரு நாள் முழுக்க அறைச் சூட்டுக்கு வரட்டும். அவசரப்பட்டால் குளிர்ந்த தாளில் வெளிக்காற்றின் ஈரம் முத்துமுத்தாகப் படிந்து, பூச்சிக்குப் பதில் பூஞ்சை வந்து சேரும்.

தமிழ்நாட்டிலிருந்து வந்த பழைய மாத நாவல்கள் இருந்தால் முதலில் நடுவிலுள்ள பின்னைப் பாருங்கள். துரு பிடித்து, சுற்றிலும் தாள் பழுப்பாகிப் பிய்ந்துகொண்டிருக்கும். மழுங்கிய கத்தி முனையால் பின்னின் கால்களை நிமிர்த்தி மெதுவாக உருவுங்கள்; இழுத்தால் தாளும் வரும். மடிப்பில் மூன்று துளையிட்டு, வெள்ளைப் பருத்தி நூலால் நடுத்துளையில் தொடங்கி நடுத்துளையிலேயே முடிச்சுப் போடுங்கள். செய்தித்தாள் ரகத் தாள் ஆதலால் மஞ்சளாவதைத் தடுக்க முடியாது. வெளிச்சம் படாமல் வைத்தால் இன்னும் பல மறுவாசிப்புக்குத் தாங்கும்.