காட்பாடி மாடியில் பைத்தான்: புதிதாக வருபவர்களுக்கு

ராணிப்பேட்டையில் ஒரு தோல் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். தோலைச் சதுர அடிக் கணக்கில்தான் வாங்குவார்கள், விற்பார்கள். நாள் முழுக்க எக்செல்லில் அந்த எண்களோடுதான் என் பிழைப்பு. அந்த வேலையைக் குறைக்கத்தான் பைத்தான் என்ற நிரல் மொழியைக் கற்கத் தொடங்கினேன். ஒன்றரை வருடம் தனியாக முட்டி மோதியும் பிடிபடாதது, காட்பாடி காந்தி நகரில் ஒரு டியூஷன் சென்டர் மாடியில் மாதம் ஒரு ஞாயிறு பைத்தான் பழகக் கூடும் எட்டுப் பத்துப் பேரோடு உட்கார்ந்த நாலே மாதத்தில் பிடிபட்டது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

'இன்னும் கொஞ்சம் படித்துவிட்டு வருகிறேன்' என்று தள்ளிப் போடாதீர்கள். அங்கே யாரும் பாடம் நடத்துவதில்லை, பரீட்சையும் வைப்பதில்லை. உங்களுக்கென்று ஒரு வேலை கையில் இருந்தால் போதும்: கடை பில், வகுப்பு மார்க் லிஸ்ட், பால் கணக்கு, எதுவானாலும் சரி. இலவம்பாடிப் பக்கத்திலிருந்து வரும் கல்லூரித் தம்பி ஒருவன், அவன் அப்பா முள் கத்தரிக்காய் விற்ற விலையை நாள்வாரியாகக் குறித்து வைத்திருந்த நோட்டோடு வந்தான். அன்று மதியம் முழுக்க அந்த நோட்டைத்தான் வரைபடமாக்கினோம். புத்தகத்தில் இருக்கும் உதாரணத்துக்கு அத்தனை பேர் குனிந்து பார்த்திருக்க மாட்டார்கள்.

பிளஸ் டூவில் அரசு கொடுத்த பழைய லேப்டாப்பே போதும். அதில் லினக்ஸ் இயங்குதளம் இருந்தால் பெரும்பாலும் பைத்தானும் கூடவே இருக்கும். அது பைத்தான் 3-ஆம் பதிப்புதானா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பைத்தான் 2-க்கான ஆதரவு 2020 தொடக்கத்தோடு நின்றுவிட்டது. சார்ஜரை மறக்காதீர்கள்.

அப்புறம், கேள்வி கேட்பது. இதை மட்டும் நன்றாகக் கற்றுக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக வரும். முதல் முறை நான் கம்பெனியின் மொத்த ஃபைலையும் திறந்து வைத்து, "கூட்டல் தப்பா வருதுண்ணா" என்றேன். நாலாயிரம் வரிசை. பக்கத்தில் இருந்த அண்ணன் திரையைப் பார்க்கவே இல்லை. "மூணு வரிசை போதும்மா. பேரெல்லாம் மாத்திட்டு, தப்பு வர்ற அளவுக்கு மட்டும் வெச்சுக்க" என்றார். வெட்டிக்கொண்டே வந்தேன். கடைசியில் இரண்டே எண் மிச்சம்: 12.5, 8. இரண்டையும் கூட்டினால் 20.5 வர வேண்டும், எனக்கு 12.58 வந்தது. உற்றுப் பார்த்தால் இரண்டுமே மேற்கோள் குறிக்குள் இருந்தன. பைத்தானுக்கு அவை எண்கள் அல்ல, எழுத்துகள். அதனால் ஒன்றன் பின்னால் இன்னொன்றை ஒட்டிவிட்டது. ஃப்ளோட் (float) என்ற கட்டளை போட்டு எண்ணாக மாற்றியதும் சரியானது. அண்ணன் வாயைத் திறக்கும் முன்பே பிழை என் கண்ணில் பட்டுவிட்டது.

ஆகவே வருவதற்கு முன் வீட்டிலேயே வெட்டிப் பாருங்கள். அப்படியும் புரியாவிட்டால் மூன்று விஷயங்களைச் சொல்லுங்கள்: என்ன எதிர்பார்த்தீர்கள், என்ன வந்தது, இதுவரை என்னென்ன செய்து பார்த்தீர்கள். பிழைச் செய்தி நீளமாக வந்தால் கீழிருந்து மேலே படியுங்கள். என்ன தப்பு என்பதைப் பைத்தான் கடைசி வரியில்தான் சொல்லும். முதலாளியின் விலைப் பட்டியல், வாடிக்கையாளர் பெயர், பாஸ்வேர்டு எதையும் கொண்டுவராதீர்கள். நம்மை நம்பிக் கொடுத்தது அது.

தமிழிலேயே கேளுங்கள். லூப், ஃபங்ஷன் போன்ற நிரல் சொற்களெல்லாம் ஆங்கிலத்தில் அப்படியே இருக்கட்டும். யோசனை தமிழில் ஓடினால் போதும். தமிழில் வேலை செய்பவர்களுக்கென்றே வரும் சிக்கல்களும் உண்டு. ஊர்ப் பெயர்களை வரிசையாக அச்சிட்டு, பக்கத்தில் தொகையை நேராக நிறுத்தப் பார்த்தேன். கோணல்மாணலாக வந்தது. 'வேலூர்' எத்தனை எழுத்து என்று நீளத்தை எண்ணும் லென் (len) கட்டளை போட்டுக் கேட்டால் 6 என்கிறது. நமக்கு அது வே, லூ, ர் என்று மூன்றுதான். கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூனிகோடு முறையில் வ தனி, ஏகாரக் குறி தனி, ல தனி, ஊகாரக் குறி தனி, ர தனி, புள்ளி தனி. குழுவில் ஒருவர் ஓப்பன் தமிழ் என்ற நிரலகத்தை, அதாவது எடுத்துப் பயன்படுத்தத் தயாராக இருக்கும் நிரல் தொகுப்பைக் காட்டினார். அது தமிழ் எழுத்தாகவே பிரித்து மூன்று என்றது. ஆனாலும் வரிசை முழுதாக நேராகவில்லை, ஏனென்றால் 'லூ'வின் அகலம் வேறு, 'ர்' அகலம் வேறு. இடைவெளி போட்டுத் தமிழை நேராக நிறுத்தப் பார்க்காதே, அட்டவணையில் பெயரை ஒரு கட்டத்திலும் தொகையை அடுத்த கட்டத்திலும் எழுது என்றார் இன்னொரு அக்கா. இரண்டு பேர் சொன்னதும் சேர்ந்துதான் என் வேலை முடிந்தது.

இரண்டாவது மூன்றாவது கூட்டத்தில் ஐந்து நிமிடம் பேசுங்கள். நான் இந்த 'வேலூர்' கதையைத்தான் பேசினேன். ஒரே ஒரு விஷயம், திரையில் பெரிய எழுத்து, இணையம் இல்லாவிட்டாலும் ஓடும் நிரல், இவ்வளவு இருந்தால் போதும். முதலில் கேள்வி கேட்டவர், விடை கிடைத்ததும் அதே சூட்டோடு பேசினால் அதைவிடத் தெளிவாக வேறு யாராலும் சொல்ல முடியாது.

பெண்களுக்கு ஒரு வார்த்தை. ஆரம்பத்தில் கூட்டம் மாலை ஆறு மணிக்கு. முடித்துவிட்டு ராணிப்பேட்டை போய்ச் சேர்வதற்குள் வீட்டில் நாலு போன் வந்துவிடும். மூன்றாவது மாதம் எழுந்து, மதியம் இரண்டரைக்கு மாற்ற முடியுமா என்று கேட்டேன். உடனே மாற்றினார்கள். அடுத்த மாதமே ஆம்பூரிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். உங்களுக்கு ஒத்து வராதது எதுவானாலும் தயங்காமல் சொல்லுங்கள். சொல்லாமல் நின்றுவிட்டால் காரணம் யாருக்கும் தெரியாது.

கொஞ்சம் பழகியதும் ஒரு முறை சென்னைக்குப் போய் வாருங்கள். அங்கே சென்னைப்பை என்ற பைத்தான் குழு மாதத்தின் நான்காவது சனிக்கிழமை கூடுவது வழக்கம். இடத்தை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். காட்பாடியிலிருந்து ரயிலில் இரண்டு மணி நேரம் சொச்சம்தான். பெரிய கூட்டம் பார்க்க ஆசை என்றால் 2009-லிருந்து நடந்துவரும் பைகான் இந்தியா என்ற பைத்தான் மாநாடு இருக்கிறது. அதையும் நடத்துவது தன்னார்வலர்கள்தான்.

இலவம்பாடித் தம்பி, பக்கத்தில் இருக்கும் அணைக்கட்டு என்ற ஊரிலேயே ஒரு கூட்டம் தொடங்கலாமா என்று போன மாதம் கேட்டான். ஒரு அறை, ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், மாதத்தில் மாறாத ஒரு கிழமை, இரண்டே பேர் வந்தாலும் நடத்தும் பிடிவாதம், இவ்வளவு போதும் என்றேன். முதல் கூட்டத்துக்கு நானும் போகிறேன்.