மருத்துவமனை மென்பொருள் ஊழியர்களுக்கு உதவுகிறதா? கண்டறியும் முறை

2020 ஆகஸ்ட் 15 அன்று அறிவிக்கப்பட்ட, மருத்துவப் பதிவுகளைக் கணினி வழியே இணைக்கும் தேசிய டிஜிட்டல் சுகாதாரத் திட்டம் முதலில் சோதனை முறையில் தொடங்கப்பட்ட ஆறு யூனியன் பிரதேசங்களில் புதுச்சேரியும் ஒன்று. கணினிப் பதிவுக்கு மாறிய மருத்துவமனையில் அந்த மென்பொருளோடு ஊழியர்கள் எப்படிக் காலம் தள்ளுகிறார்கள் என்பதை நிர்வாகம் அவ்வப்போது ஆராய வேண்டும்.

முதலில் கேள்வித்தாளை ஒதுக்கி வைத்துவிட்டு, வேலை நடக்கும் இடத்தில் உட்கார்ந்து பாருங்கள். திங்கட்கிழமை காலை புறநோயாளிப் பதிவு முகப்பு அதற்கு ஏற்ற இடம். கடலூரிலிருந்தோ விழுப்புரத்திலிருந்தோ வரும் ஒருவர் சென்ற முறை தலைப்பெழுத்தைப் பெயருக்கு முன்னாலும் இம்முறை பின்னாலும் சொன்னால், தேடலில் பழைய பதிவு கிடைக்காமல் போகலாம். வரிசை நீண்டுகொண்டே போவதால் ஊழியர் புதிய எண் போட்டுவிடுவார். பழைய ரத்தப் பரிசோதனை முடிவுகள் முந்தைய எண்ணிலேயே தங்கிவிடும். இதை ஊழியரின் கவனக்குறைவு என்று எழுதிவிடாதீர்கள், குறை தேடல் திரையில்தான் இருக்கிறது. வார்டில், செவிலியர் ரத்த அழுத்தத்தையும் காய்ச்சலையும் துண்டுத்தாளில் குறித்துவைத்து ஷிஃப்ட் முடியும்போது மொத்தமாகத் தட்டச்சு செய்கிறாரா என்று கவனியுங்கள். அப்படியானால் கணினி காட்டும் நேரம் தட்டச்சு செய்த நேரமாக இருக்கக்கூடும். அளவெடுத்த நேரம் மருத்துவருக்குத் தெரியாமல் போகும்.

அடுத்து, ஜான் புரூக் 1986-இல் உருவாக்கிய 'சிஸ்டம் யூசபிலிட்டி ஸ்கேல்' என்னும், மென்பொருள் பயன்படுத்த எவ்வளவு எளிது என்று அளக்கும் பத்துக் கூற்றுகள் கொண்ட படிவத்தைத் தமிழில் தாருங்கள். ஒவ்வொரு கூற்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண் இடுவார்கள். ஒற்றைப்படை எண்ணுள்ள கூற்றின் மதிப்பெண்ணிலிருந்து 1-ஐக் கழியுங்கள், இரட்டைப்படை எண்ணுள்ள கூற்றின் மதிப்பெண்ணை 5-இலிருந்து கழியுங்கள், கூட்டுத்தொகையை 2.5-ஆல் பெருக்கினால் 100-க்கு எவ்வளவு என்று வரும். 68 என்பது பொதுவான சராசரி. ஆனால் அது சதவீதம் அன்று. செவிலியர், மருந்தாளுநர், ஆய்வக நுட்பநர், மருத்துவர் ஆகியோரின் மதிப்பெண்களைத் தனித்தனியாகக் கணக்கிடுங்கள், ஏனெனில் மொத்தச் சராசரியில் வார்டின் சிரமம் மறைந்துபோகும். பெயர் எழுதச் சொல்லாதீர்கள். மேலதிகாரி கையால் படிவத்தை வாங்காதீர்கள்.

இந்த மதிப்பெண் சிரமத்தின் அளவைச் சொல்லுமே தவிர, இடத்தைச் சொல்லாது. ஆகவே, "எந்தத் திரையைத் தவிர்க்க என்ன செய்கிறீர்கள்?" என்ற கேள்வியைப் படிவத்தின் கடைசியில் சேர்த்து, பதிலெழுதப் போதிய இடம் விடுங்கள். அதில் அதிகம் பேர் குறிப்பிடும் திரையை முதலில் திருத்தச் சொல்லுங்கள். புதிய திரை கைக்குப் பழகச் சில வாரங்கள் கொடுத்த பிறகு, அதே பிரிவினரிடம் அதே படிவத்தை மீண்டும் கொடுங்கள்.