புயலோடு வரும் டொர்னாடோ: தவிர்க்க வேண்டிய தவறுகள்

புயல் நிலத்தில் ஏறியதும் தரைக்காற்றின் வேகம் குறையும். அதைப் பார்த்துவிட்டு "சரி, இனி பயமில்லை" என்று நினைப்பதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு. புயலைச் சுற்றி வளைந்து நீளும் மேகவரிசைகளான மழைப்பட்டைகளில் டொர்னாடோ, அதாவது மேகத்திலிருந்து தரைவரை புனல்போல் இறங்கும் சுழல்காற்று, உருவாக அந்த வேகக்குறைவே துணைபோகிறது.

கடற்பரப்பில் காற்றுக்குத் தடை குறைவு. நிலத்திலோ மரம், கட்டடம், மேடு எல்லாம் மறிப்பதால் தரையை ஒட்டிய காற்று தளர்ந்து, புயலின் மையத்தை நோக்கி இன்னும் சற்றுத் திரும்புகிறது. ஒரு கிலோமீட்டர் உயரத்தில் வீசும் காற்றை அந்தத் தடை அவ்வளவாகத் தொடுவதில்லை. அது ஏறக்குறைய பழைய வேகத்திலேயே பாய்கிறது. உள்ளங்கைகளுக்கு நடுவே பென்சிலை வைத்து மேல்கையை மட்டும் நகர்த்தினால் பென்சில் உருளும் அல்லவா, அப்படி நடுவிலுள்ள காற்று படுக்கைவாட்டில் உருளத் தொடங்கும். மழைமேகத்தில் மேலெழும் காற்று அந்த உருளலை நிமிர்த்திவிட்டால் மேகமே சுழலும்; அதிலிருந்து டொர்னாடோ இறங்கலாம். ஆகவே தரையிலுள்ள காற்றுமானியை மட்டும் நம்பி முடிவெடுக்கக் கூடாது.

புயலின் கண்ணையே, அதாவது மையத்தையே, பார்த்துக்கொண்டிருப்பது அடுத்த தவறு. 2024 அக்டோபர் 9 இரவு மில்டன் புயல் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தின் மேற்குக் கரையைக் கடந்தது. அதற்குச் சில மணி நேரம் முன்பே, மாநிலத்தின் எதிர்ப்புறத்தில், செயின்ட் லூசி கவுண்டியில் (மாவட்டம் போன்ற பகுதி) டொர்னாடோ தாக்கி ஆறு பேர் இறந்தார்கள். வட அரைக்கோளத்தில் புயல் நகரும் திசைக்கு வலப்பக்க முன்பகுதியில், அதுவும் மையத்திலிருந்து நூறு, இருநூறு கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள வெளிப்பட்டைகளில்தான் இவை அதிகம். தென் அரைக்கோளத்தில் இது இடப்பக்கம். பட்டைகளுக்கு இடையே வெயில் அடித்தாலும் நிம்மதி வேண்டாம். தரை சூடாவது அடுத்த பட்டையின் மேகங்களுக்கு வலுச் சேர்க்கும்.

கடலோரத்தோடு முடிந்துவிடும் என்ற எண்ணமும் சரியல்ல. 2004 செப்டம்பரில் அலபாமாவில் கரையேறிய ஐவன் புயல் சில நாட்களில் சுமார் 120 டொர்னாடோக்களை உண்டாக்கியது. கரையைக் கடந்த மறுநாள், வெகுதொலைவிலுள்ள வர்ஜீனியாவில் மட்டும் ஏறத்தாழ நாற்பது.

அப்புறம், டொர்னாடோவின் புனல் வடிவம் கண்ணில் படட்டும் என்று காத்திருப்பது. இந்த மேகங்கள் சிறியவை, உயரமும் குறைவு. தூரம் கூடக்கூட ரேடார் கதிர் அவற்றின் தலைக்கு மேலே போய்விடும். கனமழை டொர்னாடோவை மறைத்தும்விடும். பெரும்பாலான டொர்னாடோக்கள் சில நிமிடங்களிலேயே முடிந்துவிடுவதால் எச்சரிக்கைக்குக் கிடைக்கும் நேரமும் சொற்பம். எச்சரிக்கை வந்த உடனே கீழ்த்தளத்தில், ஜன்னல் இல்லாத உள்ளறைக்குப் போய்விட வேண்டும். கடல்நீர் புகக்கூடிய இடமென்றால் கீழ்த்தளமே ஆபத்து. அங்கிருப்பவர்கள் புயல் நெருங்குவதற்கு முன்பே வெளியேறிவிட வேண்டும்.